எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள்

ஓவர் ட்ரெயினிங் என்ற சொல்லை எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஆறாவது படிக்கும் பிள்ளை மைதானத்தை நாலு சுற்று ஓடிவிட்டு, ராத்திரி சாப்பிடாமல் தூங்கிப்போனால், மறுநாள் அம்மா வந்து நிற்கிறார். "சார், ஓவர் ட்ரெயினிங் குடுக்காதீங்க சார், புள்ள துவண்டு போறான்." ஜிம்மில் போய் இதே சொல்லைச் சொன்னால் மாஸ்டர் சிரிப்பார். "ஓவர் ட்ரெயினிங்னு ஒண்ணு கெடையாது சார். அண்டர் ஈட்டிங்தான் இருக்கு." சொல்லிக்கொண்டே புரோட்டீன் பவுடர் டப்பாவை நம் பக்கம் திருப்பி வைப்பார். எங்கேயாவது ஓர் இளைஞர் ஜிம்மில் மயங்கி விழுந்து இறந்துவிட்டால், பிரேதப் பரிசோதனை முடிவதற்குள் டி.வி.யில் கீழே ஓடும் வரியில் 'அதீத உடற்பயிற்சியால் மரணம்' என்று தீர்ப்பு வந்துவிடுகிறது.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பி.டி. வாத்தியார் என்றால்தான் தெருவில் தெரியும். அந்த அம்மா, ஜிம் மாஸ்டர், டி.வி.க்காரர் மூவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மூவரும் சொல்வது மூன்று வேறு சங்கதி. அந்தச் சொல் எந்தப் பையனைக் குறிக்க உண்டானதோ, அவன் மட்டும் மூவர் கண்ணிலும் படுவதில்லை.

முதலில் ஜிம்மில் விழுகிறவர் கதையைப் பார்ப்போம். விளையாடும்போதோ பயிற்சியின்போதோ திடீரென்று இதயம் நின்று இறக்கும் இளம் வயதினரில் பெரும்பாலோருக்கு இதயத்தில் ஏற்கெனவே ஒரு கோளாறு இருந்திருக்கும். பிறவியிலேயே இதயத் தசை தடித்திருக்கலாம். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் தவறான இடத்தில் கிளம்பியிருக்கலாம். துடிப்பை நடத்தும் மின்னோட்டத்தில் பிசகு இருக்கலாம். வயது நாற்பதைத் தாண்டியவர் என்றால் பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்பு. அன்று தூக்கிய எடை அதைக் கிளப்பிவிட்டிருக்கலாம். ஆனால் அது 'அதிகமான' எடையாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தாலும் அது நடந்திருக்கலாம்.

இத்தாலிக்காரர்கள் இதை வெகு முன்பே கண்டுகொண்டார்கள். போட்டிகளில் இறங்குகிறவர்கள் இ.சி.ஜி. உட்பட மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டே ஆக வேண்டும் என்று 1982-ல் அங்கே நடைமுறை வந்தது. வெனிஸ் நகரம் இருக்கும் வெனெட்டோ பகுதியில் அதன் பிறகு இருபது ஆண்டுகளில் இளம் வீரர்களின் திடீர் இதய மரணம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. பயிற்சியைக் குறைத்ததால் அல்ல. ஆபத்தான இதயம் உள்ளவர்களை முன்கூட்டியே கண்டு நிறுத்தியதால். 'அதீத உடற்பயிற்சி' என்று தலைப்புப் போட்டுவிட்டால், இந்த இ.சி.ஜி. என்ற பேச்சே எழாமல் போகிறது. நாலு நாளைக்கு ஊரில் பாதிப் பேர் நடைப்பயிற்சியையும் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான் மிச்சம்.

இன்னொன்று, ஒரே நாளில் நடக்கும் விபத்து. ஆறு மாதம் சும்மா இருந்தவன் நண்பனிடம் பந்தயம் கட்டி முந்நூறு பஸ்கி எடுப்பான். அல்லது பள்ளியில் யாரோ தண்டனை என்று நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போட வைப்பார்கள். மறுநாள் தொடை கல்லாகி, சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போகும். டாக்டர்கள் இதை ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். தசை நார்கள் உடைந்து, அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைக்கும் நிலை. இதற்கு ஓய்வெடுத்தால் போதாது. நிறம் மாறிய அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் நரம்பில் நீர் ஏற்றிக்கொள்ள வேண்டும். "ஓவர் ட்ரெயினிங்தான், ரெண்டு நாள் படுத்தா சரியாயிடும்" என்று வீட்டில் வைத்திருந்தால் சிறுநீரகம் போய்விடும். சொல் மாறினால் வைத்தியமும் மாறிப்போகிற இடம் இது. அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

இனி, சொல்லுக்கு உரியவன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள இரண்டு பெரிய விளையாட்டு அறிவியல் அமைப்புகள் 2013-ல் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. அதில் மூன்று படிகள் உண்டு. பயிற்சியைக் கொஞ்சம் கூட்டினால் சில நாள் ஆட்டம் மந்தமாகும். ஓய்வு கொடுத்தால் முன்னைவிட நன்றாக எழுந்து வரும். எல்லாப் பயிற்சியாளரும் வேண்டுமென்றே செய்வது இதைத்தான், இதில் தப்பில்லை. அந்த ஓய்வைக் கொடுக்காமல் மேலும் மேலும் ஏற்றினால், மந்தம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளும். அதையும் கவனிக்காமல் விட்டால் தூக்கம், மனநிலை, பசி எல்லாம் குலைந்து, மாதக்கணக்கில் ஓய்வெடுத்தும் பழைய ஓட்டம் திரும்பாத நிலை வரும். இந்தக் கடைசிப் படிக்குத்தான் ஓவர் ட்ரெயினிங் என்று பெயர். இதைக் காட்டிக்கொடுக்கும் தனி ரத்தப் பரிசோதனை ஒன்றும் கிடையாது. ரத்தசோகை இல்லை, தைராய்டு இல்லை, கிருமித் தொற்று இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில்தான் இந்தப் பெயரை வைக்க முடியும்.

ஆக, இது ஓர் அளவின் பெயர் அல்ல, ஒரு நிலையின் பெயர். 'ஓவர்' என்று முன்னால் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் எல்லோரும் கிலோமீட்டரை எண்ணுகிறார்கள். எட்டு கிலோமீட்டர் ஓடினால் சரியா, பத்து ஓடினால் அதிகமா என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை, யாரிடமும் இருக்காது. பத்து கிலோமீட்டர் ஒருவனுக்குக் காலைப் பல் துலக்குவதற்குச் சமம். இன்னொருவனுக்கு மூன்று கிலோமீட்டரே அதிகம்.

அந்த இன்னொருவன் யார் என்று பார்க்க வேண்டுமானால், விடியற்காலையில் செவிலிமேட்டுப் பக்கம் வாருங்கள். பாலாற்றுப் பாலத்தை நோக்கி ஓடும் பையன்களில் பலர் போலீஸ் தேர்வுக்கோ ராணுவத் தேர்வுக்கோ தயாராகிறவர்கள். சிலர் ஆற்றுக்குள் இறங்கி மணலில் ஓடுவார்கள், கால் உரம் ஏறும் என்று. அவர்களில் ஒரு பையனை எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் வேண்டாம். அப்பா கூலித் தறி. பையன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவனை இறக்கிவிடும்போது பொழுது விடிந்திருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பேண்ட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, உள்ளே போட்டிருக்கும் ட்ராக் பேண்ட்டோடு ஓடக் கிளம்பிவிடுவான். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் எழுந்திருக்க முடியாது என்ற பயம். ஓடி முடித்து, ஒரு டீயும் பன்னும். பகலில் வீட்டு முன்னறையில் தறிச் சத்தத்துக்கு நடுவே தூக்கம். எழுந்ததும் அப்பாவுக்குப் பாவு போட ஒத்தாசை. மறுபடி ஷிப்ட்.

அவன் ஓடியது தினம் ஆறு கிலோமீட்டர் இருக்கும். எந்தப் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாலும் அது அதிகம் என்று எழுதியிருக்காது. ஆனால் மூன்றாம் மாதத்தில் அவனுடைய 1500 மீட்டர் நேரம் குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே வந்தது. சளி விடவே இல்லை. எரிந்து எரிந்து விழுந்தான். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தொட்டால் உயிர் போகும் வலி. அவன் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? இன்னும் இரண்டு கிலோமீட்டர் கூட்டினான். "நேரம் எறங்கல சார், ஓட்டம் பத்தலன்னு நெனச்சேன்" என்றான். கிலோமீட்டர் கணக்கு மட்டும் தெரிந்த எவனும் அதைத்தான் செய்வான். இதற்கு ஜிம் மாஸ்டரின் பதிலான அண்டர் ஈட்டிங்கும் அரைக் கிணறுதான். பசியை மட்டும் பார்க்கிறது, தூக்கத்தை விட்டுவிடுகிறது.

உடம்புக்கு ஓட்டம் வேறு, வேலை வேறு என்று தெரியாது. இரவெல்லாம் நின்று பாகம் மாட்டியதும், பாலாற்று மணலில் ஓடியதும், 'தேர்ச்சி பெறாவிட்டால் வயது கடந்துவிடும்' என்ற கவலையும் ஒரே கணக்கில்தான் ஏறுகின்றன. வரவுப் பக்கம் தூக்கமும் சோறும் மட்டுமே. ஒருவன் எவ்வளவு ஓடினான் என்று கேட்பதற்கு முன் எவ்வளவு தூங்கினான், என்ன சாப்பிட்டான், வேறென்ன வேலை பார்த்தான் என்று கேட்காத பயிற்சியாளர், பயிற்சியாளரே அல்ல. நான் இதைக் கடுமையாகவே சொல்கிறேன்.

எல்லோருக்கும் ஒரே அட்டவணையைப் போட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் வைகாசிக் கருட சேவை நினைவுக்கு வரும். வரதரைத் தாங்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளைக் கவனித்திருக்கிறீர்களா? தண்டின் கீழ் உயரம் பார்த்து ஆள் நிற்க வேண்டும். நெட்டையானவரும் குட்டையானவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பாரம் முழுக்க நெட்டையானவர் தோளில் இறங்கிவிடும். தோள் மாற்ற ஆட்கள் கூடவே வருவார்கள். மாற்றிக்கொண்டவரை யாரும் பலவீனன் என்று சொன்னதில்லை. ஒரே எடை எல்லோர் தோளிலும் ஒரே எடையாக இறங்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆன்லைன் கோச்சுகளுக்குத் தெரியவில்லை.

ஓய்வு என்பதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் அமாவாசை அன்று தறி ஓடாது. சாமி குற்றம் என்று பாட்டி சொல்வார். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், குழித்தறியில் மிதித்து மிதித்து இறுகிய இடுப்புக்கு மாதத்தில் ஒரு நாளாவது கட்டாய விடுப்பு கிடைத்தது. முதலாளி அவசரம் என்றாலும் அன்று நாடா நகராது.

இந்த விஷயத்தில் பழைய வைத்திய நூல்கள் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கின்றன. வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயம் அதிவியாயாமம் என்ற நிலையைத் தனியாகப் பேசுகிறது. தாகம், உடல் மெலிவு, மூச்சிரைப்பு, இருமல், காய்ச்சல், வாந்தி என்று அதன் விளைவுகளை வரிசைப்படுத்துகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, உடற்பயிற்சிக்கு அது வைக்கும் அளவு. தன் பலத்தில் பாதி வரை செய்யலாம் என்கிறது. அதையும் யாருக்குச் சொல்கிறது? பலமுள்ளவருக்கு, நெய்ப்பசையோடு சாப்பிடுகிறவருக்கு, குளிர்காலத்திலும் வசந்தத்திலும். மற்ற பருவங்களில் அதற்கும் குறைவு. இத்தனை சுற்று, இத்தனை தண்டால் என்று எண்ணிக்கை கிடையாது. ஆளின் பலம், சாப்பாடு, பருவம் மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அளவு. கத்திரி வெயிலில், டீயும் பன்னும் சாப்பிட்டு, நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு ஓடுகிறவனுக்கு வாக்படர் எவ்வளவு அனுமதித்திருப்பார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். (பழைய நூலில் எல்லாம் இருக்கிறது என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. இது இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.)

வசதியுள்ள விளையாட்டில் இதற்கு மரியாதையான பெயரே உண்டு: வொர்க்லோட். வேகப்பந்து வீச்சாளர் வலைப்பயிற்சியில் எத்தனை பந்து வீசினார் என்பதுவரை எண்ணுகிறார்கள். 2025-ல் இங்கிலாந்துத் தொடரில் ஐந்து டெஸ்டில் மூன்றில்தான் பும்ரா ஆடுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், அப்படியே ஆடினார். சிராஜ் ஐந்திலும் ஆடி, 185 ஓவருக்கு மேல் வீசி, 23 விக்கெட் எடுத்தார். ஓவலில் கடைசி நாள் ஜெயித்ததும் சுனில் கவாஸ்கர், வொர்க்லோட் என்ற சொல்லையே இந்திய கிரிக்கெட் அகராதியிலிருந்து தூக்கிவிட வேண்டும் என்கிற பொருளில் பேசினார். எல்லையில் நிற்கும் ஜவான் குளிருகிறது என்று முறையிடுகிறாரா என்றும் கேட்டார். கேட்கச் சூடாகத்தான் இருந்தது. எங்கள் தெருப் பையன்கள் அந்தக் காணொளியை அன்றே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள்.

கவாஸ்கர் ஆடியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் இதில் அவரோடு ஒத்துப்போக மாட்டேன். பும்ராவுக்கு 2023-ல் முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. 2025 ஜனவரியில் சிட்னி டெஸ்டிலும் முதுகு பிடித்துக்கொண்டு இரண்டாம் இன்னிங்ஸில் அவரால் பந்துவீச முடியவில்லை. சிராஜின் முதுகு வேறு, பும்ராவின் முதுகு வேறு. சிராஜ் தாங்கினார் என்பது பும்ராவும் தாங்குவார் என்பதற்குச் சாட்சி ஆகாது. ஜவான் உதாரணத்தில் இன்னொரு கோளாறு. ராணுவம் ஓய்வுக்கு மதிப்புக் கொடுக்காத இடம் அல்ல. உயரமான பனிமலைக்கு அனுப்புமுன் உடம்பு பழகுவதற்காகப் படிப்படியாக நிறுத்தி வைத்து ஏற்றுவதும், முறை வைத்து ஆள் மாற்றுவதும் அங்கே விதி.

சினிமாவும் சேர்ந்துகொள்கிறது. எந்தப் படத்தை எடுத்தாலும் பயிற்சி என்பது ஒரு பாட்டு நீளம். 'சார்பட்டா பரம்பரை'யில் குடித்துக் கெட்ட உடம்பு கடற்கரையில் ஒரே பாட்டில் கட்டாகிவிடுகிறது. படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அந்தப் பாட்டுக்குள் நாயகன் தூங்குகிற காட்சி ஒன்றாவது இருக்கிறதா? காமா பயில்வான் தினம் ஆயிரக்கணக்கில் பஸ்கி எடுத்த கதையைச் சொல்கிறவர்கள், அவருக்குப் பாலும் பாதாமும் கறியும் கொடுத்துப் பராமரிக்க அரண்மனை இருந்ததைச் சொல்வதில்லை.

இப்போது அரசாங்கத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். 400 மீட்டர் சுற்றுக்கு 112 விநாடி வருகிறது. நோயில்லாத இருபது வயதுப் பையனை, வாரத்தில் நாலு நாள் ஓடவிட்டு, மூன்று மாதம் நிதானமாகப் பழக்கினால் இது முடியும். ராணுவத்துக்கு 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண், அது கொஞ்சம் கஷ்டம். தேர்வின் அளவில் எனக்குப் புகார் இல்லை. கால அட்டவணையில்தான் புகார். பையன்கள் மாதக்கணக்கில் கோச்சிங் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். முடிவு வந்த பிறகுதான் உடல்திறன் தேர்வு நினைவுக்கு வருகிறது. அதற்குக் கிடைக்கும் சில வாரங்களில் காலையும் மாலையும், தார் ரோட்டில், தேய்ந்த ஷூவில், சும்மா இருந்த காலை ஓட்டுகிறார்கள். முன்னெலும்பில் விரிசல் விழுவது இப்படித்தான். தசைக்கு உரம் ஏறும் வேகத்துக்கு எலும்பால் ஏற முடியாது.

ஜார்க்கண்டில் 2024 ஆகஸ்ட் கடைசியில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கலால் காவலர் வேலைக்கான உடல்திறன் தேர்வு. ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், 60 நிமிடம். சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனார்கள், மேலும் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தேர்வைச் சில நாள் நிறுத்திவைத்து, காலை ஒன்பது மணிக்குப் பிறகு யாரையும் ஓடவிடக் கூடாது என்று அந்த அரசு சொல்ல வேண்டிவந்தது. அப்போதும் இங்கே டீக்கடையில் இதே சொல்தான் அடிபட்டது. "ஓவர் ட்ரெயினிங் பண்ணிட்டு வந்திருப்பானுங்க." வேகத்தைப் பாருங்கள்: ஒரு கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம். நம் ஊர்க் காவலர் தேர்வின் வேகத்தைவிடக் குறைவு. முறையாகப் பழகியவனுக்கு இது சாதாரண ஓட்டம். பழக்கமில்லாத உடம்பு, ஆவணி மாதப் புழுக்கம், வரிசையில் நெடுநேரக் காத்திருப்பு, வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்ற வெறி எல்லாம் ஒன்றுகூடினால் அது கொல்லும். ஊக்க மருந்து சந்தேகமும் பேசப்பட்டது. எப்படிப் பார்த்தாலும் அங்கே பயிற்சி மிஞ்சியதாக எனக்குத் தோன்றவில்லை, குறைந்துதான் இருந்தது. செத்தவன் மேல் 'ஓவராகச் செய்துவிட்டான்' என்று பழியைப் போட்டால், தேர்வை வடிவமைத்தவர்கள் நழுவிவிடுவார்கள். இந்தச் சொல்லின் பெரிய சௌகரியமே அதுதான்: குற்றம் எப்போதும் ஓடியவன் மேல் விழும்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மறைவானது. குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, அது முடிவதற்குள் முதலமைச்சர் கோப்பை என்று ஒரு கெட்டிக்காரப் பெண்ணுக்கு ஜூலையில் தொடங்கினால் தை மாதம் வரை ஓயாது. ஒரே பிள்ளையின் பெயரை 400, 800, தொடர் ஓட்டம் மூன்றிலும் கொடுப்பார்கள், பள்ளிக்குப் புள்ளி வேண்டுமே. வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு, இன்ஜினீயரிங் கலந்தாய்வில் விளையாட்டு இடம் என்று வீட்டிலும் சான்றிதழ்க் கனவு இருக்கும். அது தப்பில்லை, தறி வீட்டுப் பிள்ளைக்கு அதைவிட்டால் வேறு ஏணி ஏது? ஆனால் அந்தப் பிள்ளை காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் மைதானத்துக்கு வந்து, அப்படியே பள்ளிக்குப் போய், மதியச் சத்துணவில்தான் முதல் கவளம் வைக்கிறது. செலவுக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது உடம்பு முதலில் நிறுத்திவைப்பது மாதவிலக்கை. அதோடு எலும்பும் பலம் இழக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதைத் தனி நோய்நிலையாக அறிவித்து எச்சரித்தது, ஆண்களுக்கும் இது வரும் என்றும் சொன்னது. நம் வீடுகளிலோ, மாதவிலக்கு நின்றது 'ஓடுற புள்ளைக்கு அப்படித்தான்' என்று போய்விடுகிறது. ஆண் வாத்தியாரிடம் எந்தப் பெண் சொல்லும்? நான் பணியில் இருந்தபோது கணக்கு டீச்சர் ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கேட்டுக் கொடுத்திருந்தேன். அவர் கேட்டால் பிள்ளைகள் சொன்னார்கள்.

பி.டி. உஷா 1984 லாஸ் ஏஞ்சலஸில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டதை நாம் இன்னும் பேசுகிறோம். அங்கே பழக்கமான சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுத்தான் ஓடினேன், கடைசி மீட்டர்களில் அது தெரிந்தது என்று அவரே பின்னாளில் சொன்னதை யாரும் பேசுவதில்லை.

எங்கள் ஊர்க்காரர் அண்ணாவின் பிறந்தநாளில், 2022 செப்டம்பர் 15 அன்று, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஓட்டத்தில் உண்மையாகவே இறங்கும் பிள்ளைகள் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவதில் இருக்கிறார்கள். மாவட்ட அளவுக்குத் தேர்வான பிள்ளைகளுக்காவது, அவர்கள் எந்த வகுப்பானாலும், பயிற்சி முடிந்ததும் மைதானத்திலேயே இரண்டு முட்டையும் நாலு இட்லியும் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? கோப்பைக்கும் பந்தலுக்கும் ஆகும் செலவில் இது காணாமல் போய்விடும்.

சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்திடம் கேட்பது ஒன்றுதான். எழுத்துத் தேர்வு அறிவிப்பு வரும் அன்றே, உடல்திறன் தேர்வு எந்த மாதம் என்பதையும் சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து மெதுவாகத் தயாராகப் பையன்களுக்கு அவகாசம் கிடைக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் எழுத்துத் தேர்வுக்கு இலவசமாக வகுப்பு நடத்துகிறார்கள். அதே பிள்ளைகளுக்கு வாரத்தில் நாலு நாள் மைதானத்தில் ஒரு பயிற்சியாளரையும் நிறுத்துங்கள். வருகிறவர்கள் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினான், என்ன ஷிப்ட், காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடித்துடிப்பு எவ்வளவு, என்ன சாப்பிட்டான் என்று தினம் எழுத வேண்டும். நாடி வழக்கத்தைவிட எட்டுப் பத்து கூடி, இரண்டு மூன்று நாள் இறங்காமல் நின்றால், அன்று அவன் ஓடக் கூடாது, கைதட்டிக்கொண்டு ஓரமாக உட்கார வேண்டும். இது என் அனுபவக் கணக்கு, எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் கிலோமீட்டர் கணக்கைவிட நம்பகமானது. எத்தனை கிலோமீட்டர் ஓடினான் என்பதை அந்த நோட்டில் கடைசிக் கட்டத்தில் எழுதினால் போதும்.

நான் சொன்ன அந்தப் பையனை ஆறு வாரம் ஓட வேண்டாம் என்று நிறுத்தினேன். முதலில் என்னைத் திட்டினான், அவனுடைய அப்பாவும் சேர்ந்துகொண்டார். பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கச் சொன்னேன், பாதி மாதம் கொடுத்தார்கள். இப்போது மறுபடி ஓடுகிறான், வாரத்தில் நாலு நாள், மண் தரையில். இந்த முறை தேர்ச்சி பெறுவானா என்று எனக்குத் தெரியாது. கால் வலி இல்லை, பேச்சில் எரிச்சல் இல்லை.

பயிலும் வட்டத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று யாராவது அதிகாரி சொன்னால், சம்பளம் வேண்டாம், நானே வருகிறேன். காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வர மாட்டேன், பையன்களும் வரக் கூடாது.